வாசலில் லாலாங்

1

வீட்டு வாசலில் லாலாங் வளர்க்கிறேன் என்று சொன்னால் தைப்பிங்கில் இருக்கும் நீங்கள் எல்லாரும் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு, "பாவம், அந்தப் பிள்ளையை இந்தியாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், வெயிலில் மூளை கலங்கிவிட்டது போலிருக்கிறது" என்றும் பேசிக்கொள்வீர்கள். பேசுங்கள். நான் இங்கே வந்த நாளிலிருந்து என்னைப் பற்றிப் பேசாதவர் இந்தத் தெருவில் யாருமில்லை. நீங்கள் மட்டும் ஏன் பாக்கி இருக்க வேண்டும்?

லாலாங் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதை எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கும் என் மகள் செல்விக்கு அது வாசலில் நிற்கும் புல்லாக மட்டும்தான் தெரியும். அவளுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். இடுப்பு உயரம் வளரும் புல். இலை ஓரம் கையை அறுக்கும். பூ வெண்பஞ்சாக நீண்டு நிற்கும். மண்ணுக்கடியில் கணுக்கணுவாக வேர் ஓடும், அதன் முனை ஊசி போலச் செருப்பையே துளைக்கும். ரப்பர்த் தோட்டத்தில் அதுதான் முதல் எதிரி. அதைக் கொல்வதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆட்களில் இரண்டு பேர் என் அம்மாவும் அப்பாவும்.

இங்கே அதே புல்லை விழல் என்கிறார்கள். ஏரிக்கரையில் தானாக நிற்கும். முன்பு கூரை வேய்ந்தார்களாம். இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன வாரம் அம்மாவின் திதி. அன்றைக்குத் தம்பி ஊரிலிருந்து போன் செய்தான். அவன் சொன்ன சேதியைக் கேட்டதிலிருந்து இதை எழுதியே தீர வேண்டும் என்று கை பரபரக்கிறது. ஆனால் அந்தச் சேதியை இப்போதே சொன்னால் உங்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. முதலிலிருந்து வருகிறேன்.

2

நான் கப்பலில் வந்தவள். பினாங்கில் ஏறிச் சென்னையில் இறங்கினேன். அப்போது இன்னும் அந்தக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. என்னைக் கட்டிக்கொண்ட ஏழுமலை, அப்பாவின் அக்கா மகன். வேலை பெர்மிட் கிடைக்காமல் அத்தை குடும்பம் நாடு திரும்பிய கதை உங்களில் பலருக்குத் தெரியும். அவர்கள் ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் வந்து ஒதுங்கினார்கள். தம்பி மகள்தான் மருமகளாக வர வேண்டும் என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றார். அக்கா பேச்சைத் தட்ட முடியாமல் அப்பா ஒத்துக்கொண்டார். நான் வந்து ஒரு வருடத்தில் அத்தை போய்ச் சேர்ந்துவிட்டார்.

கப்பல் ஏறும்போது அப்பா என் கையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "புடிக்கலேன்னா ஒரு வரி போடு பாப்பா. நான் வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்" என்றார். பக்கத்தில் மாப்பிள்ளை நிற்கிறாரே என்று கூட அவர் பார்க்கவில்லை. ஏழுமலை கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருடைய குணம் அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போனது.

தைப்பிங்கில் மழை வருமா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு வரும் என்றுதான் கேட்பார்கள். அதை வைத்துப் பந்தயம் கட்டும் சீனக் கிழவர்கள் காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். கோவில்பதாகையில் மழை வருமா என்றும் கேட்பதில்லை, வராது என்று எல்லாருக்கும் தெரியும். அடிபம்பில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. நல்ல தண்ணீர் லாரியில் வரும். லாரி வரும் நாள் தெருவில் குடங்கள் வரிசையாக நிற்கும், பெண்கள் வரிசையில்லாமல் நிற்பார்கள்.

நான் சும்மா இருந்தேனா? பச்சை பார்த்து வளர்ந்த கண். ரோஜா வைத்தேன், குரோட்டன்ஸ் வைத்தேன், பூந்தமல்லி நர்சரியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து நந்தியாவட்டை வைத்தேன். எல்லாவற்றுக்கும் உப்பு ஏறி இலை ஓரம் தீய்ந்தது. செம்பருத்தி மட்டும் ஒரு மழைக்காலம் தாக்குப்பிடித்து, அடுத்த கோடையில் அதுவும் கை விரித்துவிட்டது. பக்கத்து வீட்டு ராணி அக்கா மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு என் சாவு வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

"இன்னாம்மே, இதுவும் பூட்ச்சா?"

"போயிருச்சுக்கா."

"குடிக்கவே தண்ணி இல்ல, உனக்குப் பூச்செடி கேக்குதா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

பேச்சிலும் அதே கதைதான். காலையில் அவரைப் பார்த்ததும் நம் வழக்கப்படி "பசியாறிட்டீங்களா" என்று கேட்பேன். முதல் நாள் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரு பசியோட இருந்தா இங்க?" என்று கேட்டுவிட்டார். தெருவுக்கே நான் மலேசியாம்மா. செல்வி பிறந்து பேச ஆரம்பித்ததும், வீட்டுக்குள்ளேயே ஒரு ராணி அக்கா முளைத்தாயிற்று. "மா, நீ பேசறது ரேடியோல நியூஸ் படிக்கிற மாரி கீது" என்றாள் ஒரு நாள். அவளைத் திருத்திப் பார்த்தேன். வீட்டில் 'இருக்கிறது' என்பாள், வாசல்படி தாண்டியதும் 'கீது'. பிறகு விட்டுவிட்டேன். அவள் ஊர் அது.

3

அம்மா ஒரு மாசி மாதக் கடைசியில் இறந்தார். தந்தி ஆவடி வந்து, ஆவடியிலிருந்து எங்கள் தெரு வந்து, கையில் கிடைத்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. அப்படியே கிளம்பியிருந்தாலும் முடிந்திருக்காது. என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது இல்லாமல் இங்கிருந்து வெளியே போக முடியாது, அங்கே உள்ளே போகவும் முடியாது. யாரைக் குறை சொல்ல? காலாவதி ஆகிறதே என்று கொடுத்தது நான்தான், சாவு எனக்குச் சொல்லிவிட்டா வரும்?

எங்கள் அம்மா தோட்டத்தில் களையெடுக்கும் வெளிக்காட்டு வேலைக்காரி. லாலாங்கை மேலே வெட்டினால் சாகாது, அதனால் களை கொல்லும் எண்ணெயில் துணியை நனைத்து விரலில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு இலையாக அடியிலிருந்து நுனி வரை உருவிவிட வேண்டும். அம்மாவுக்கு அதுதான் வேலை. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை இலை இலையாக எண்ணெய் தடவிக் கொல்வது. அப்பா முதுகில் பம்ப் சுமந்து மருந்தடிப்பவர். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தால் சோற்றிலும் அந்த எண்ணெய் வாடைதான்.

அப்படிப்பட்ட அம்மா, நான் கப்பலேறும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கை எடுத்துக்கொண்டு ரயில் பாதையோரம் போய் லாலாங் பூவாகக் கொய்துகொண்டு வந்தார். வெயிலில் காயவைத்து, உதிர்த்து, என் பழைய பாவாடையில் திணித்துத் தலையணை தைத்தார். கப்பலில் அதில்தான் தலை வைத்துப் படுத்து வந்தேன். இன்றைக்கும் இருக்கிறது, தட்டையாகி, ஒரு பக்கம் கட்டிதட்டி.

தந்தி வந்த வாரம் நான் அழவில்லை. அழ இடம் கிடைக்கவில்லை என்று சொன்னால் உங்களுக்குப் புரியுமா தெரியாது. நான் சாவு வீட்டில் இல்லை. இங்கே அம்மாவைப் பார்த்தவர் ஏழுமலை ஒருவர்தான், அவரும் சின்னப் பிள்ளையில் பார்த்தது, அப்புறம் கல்யாணத்தில் ஒரு முறை. ராணி அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், "உங்கம்மா எப்டி இருப்பாங்க?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஏரிக்கரைப் பக்கம் போனேன். தண்ணீர் வற்றி ஏரி வெடித்துக் கிடந்தது. கரை முழுக்க விழல் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு பொட்டு ஈரமில்லாத மண்ணில், அந்த வெயிலில், நம் ஊர் ரயில் பாதையோரம் நிற்பதைப் போலவே நின்றது. அங்கேயே கரையில் உட்கார்ந்து அழுதேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஆடுகளை அந்தப் பக்கமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். நல்லவள்.

மறுநாள் ஏழுமலையைக் கடப்பாரையோடு கூட்டிக்கொண்டு போனேன்.

4

"புல்லையா?" என்றார் அவர்.

"புல்லைத்தான்."

"ஏரிக்கர பூரா கீது. இதைக் கொண்டுகினு போயி ஊட்டாண்ட வெக்கணுமா?"

"ஆமா."

மேற்கொண்டு கேட்கவில்லை. தோண்டினார். இரண்டு மூட்டை வேர் எடுத்தோம். வாசல் கதவிலிருந்து மதில் வரை ஒரு பட்டையாக மண்ணைக் கொத்தி, ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டேன். குறைந்தது மூன்று கணு இருக்கும்படி நறுக்கிப் படுக்கவைத்து மூடினால் போதும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? எப்படிக் கொல்வது என்று தெரிந்தவர் வீட்டில் வளர்ந்தால் எப்படி முளைக்கும் என்பதும் தெரிந்துவிடுகிறது. இது பரவினால் வீட்டையே தூக்கிவிடும் என்று பயந்து, ஏழுமலை தான் வேலை செய்யும் இடத்திலிருந்து கழிவுத் தகரம் கொண்டு வந்து, பட்டையைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குப் புதைத்தார். வேர் பிடிக்கும் வரைக்கும் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை.

வந்தது. உப்பு மண்ணில், லாரித் தண்ணீர் ஊரில் வந்தது. மழை பொய்த்த வருடங்களில் தெருவில் முருங்கைகூடக் காய்ந்து நின்றது, என் புல் நின்றது. மார்கழிப் பனியில் இலை நுனி செம்பட்டையாகும். பொங்கலுக்கு முன் அரிவாளால் ஒரு கை உயரம் விட்டு அறுத்துவிடுவேன், மாசியில் மறுபடி எழும்பிப் பூக்கும். சாயங்கால வெயில் அதில் விழும் நேரம் பார்த்து நான் அரிசி களைய வாசலுக்கு வந்துவிடுவேன். அதற்கும் ராணி அக்கா பேச்சு வைத்திருந்தார்.

"வாசல்ல புல்லு மொளைச்சா அந்த ஊட்ல ஆளு இல்லன்னு அர்த்தம்மே. நாங்கல்லாம் வெள்ளிக்கெழமையானா செதுக்கித் தள்ளுவோம். நீ தகரம் போட்டு வளக்கறே."

"அழகா இருக்குல்லக்கா?"

"அழகாத்தான் கீது" என்றார், வேண்டாவெறுப்பாக. பிறகு, "ஆனா புல்லு" என்றார்.

5

ஏழுமலை வேலை பார்த்த அம்பத்தூர் கம்பெனியை ஒரு நாள் மூடிவிட்டார்கள். காலையில் டிபன் பாக்ஸோடு போனவர் பத்து மணிக்கு அதே டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தார். கொஞ்ச காலம் சும்மா இருந்தார், அப்புறம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டப் போனார். முன்பு வந்ததில் பாதிதான் வந்தது. நான் ஊருக்கு எழுதவில்லை. ஆனால் இந்த மாதிரிச் சேதிகளுக்குத் தபால் தேவைப்படுவதில்லை. யார் யார் வாயிலோ புகுந்து தைப்பிங் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்பா கிளம்பி வந்துவிட்டார். எந்த வரியும் நான் போடவில்லை, அவராகவே வந்தார். இந்தியா அவர் கண்ணால் பார்த்ததே இல்லை, தோட்டத்தில் பிறந்தவர். மீனம்பாக்கத்தில் வெள்ளைச் சட்டையும் புதுச் செருப்புமாக, சின்னப் பெட்டியோடு நின்றார். எவ்வளவு மெலிந்துவிட்டார். வீடு வந்து சேரும்போது இருட்டிவிட்டது, கரண்ட்டும் இல்லை. தடுமாறி உள்ளே வந்தவர் வாசலில் எதையும் பார்க்கவில்லை. புல்லை விடிந்ததும் காட்ட வேண்டும் என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியைத் திறந்து பெலாச்சான் பொட்டலத்தை எடுத்தார். இறாலை அரைத்துக் காயவைத்த அந்தக் கட்டியின் வாடை வீடு முழுக்கப் பரவியது. எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறியது. செல்வி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யம்மா, இன்னா செத்துப்போச்சு?" என்று வாசலுக்கு ஓடினாள்.

சாப்பிட்டு முடித்ததும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அப்பா சொல்லிவிட்டார். "மாப்பிள்ளை, தம்பி அங்க உங்களுக்கு வேல பாத்து வச்சிருக்கான். சின்னதுக்கு நம்ம தமிழ்ப்பள்ளி இருக்கு. வீட்ல எடம் கெடக்குது. பாப்பாவ நான் அப்பவே சொல்லித்தான் அனுப்பினேன். எல்லாரும் வந்துருங்க."

ஏழுமலை என்னைப் பார்த்தார். "அவ சொல்றதுதான் மாமா" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போக ஆசை இல்லை என்று சொன்னால் பொய். மழையில் நனைந்துகொண்டு நடக்க வேண்டும், ஒரு தடவை அம்மா சமாதிக்குப் போக வேண்டும். ஆனால் இருப்பதற்கென்று போவதா? லாரி வரும் நாளில் எனக்காகக் குடம் வைத்து இடம் பிடிக்கும் ராணி அக்காவை விட்டு, வாசல்படி தாண்டியதும் வேறு பேச்சுப் பேசும் செல்வியைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு? வேண்டாம் என்று சொன்னால், அவ்வளவு தூரம் வந்த மனிதரின் முகத்தை எப்படிப் பார்ப்பது? "நாளைக்குப் பேசலாம்ப்பா" என்றேன். மறுநாள் எனக்கு வேறு வேலையும் இருந்தது.

6

என் பாஸ்போர்ட் மலேசியா பாஸ்போர்ட். ஆகையால் வருடா வருடம் நகரத்துக்குள் போய், இன்னும் ஒரு வருடம் இங்கே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அந்த நாள்தான் கடைசி. அப்பா தூங்கட்டும் என்று விட்டுவிட்டு, நானும் ஏழுமலையும் விடியுமுன் ஆவடியில் ரயில் ஏறினோம். வரிசையில் நின்று, உட்கார்ந்து, மறுபடி நின்று, என் முறை வந்தது. கவுன்டரில் இருந்த மனிதருக்கு என்னைத் தெரியும். வருடா வருடம் பார்க்கிறவர்தானே.

"இன்னும் எவ்ளோ நாள் இருப்பீங்கம்மா?"

"சாகிற வரைக்கும்னு எழுத இடம் விடலையே சார்."

"ஒரு வருஷம்னு போடுங்க" என்றார், நிமிராமல்.

போட்டேன். அந்த வாய்த்துடுக்கில்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. இதை அப்பாவிடம் சொல்லாமல் பேர்கூடத் தெரியாத ஒரு மனிதரிடம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு மெல்லச் சொல்லிவிட வேண்டும், புல்லைக் காட்டிவிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, பதமாகச் சொல்லிவிட வேண்டும் என்று ரயிலில் நினைத்துக்கொண்டே வந்தேன்.

தெருமுனையில் திரும்பும்போதே என் வீடு வேறு யாருடைய வீடோ மாதிரி இருந்தது. வாசல் வெறிச்சென்று கிடந்தது. பட்டை இருந்த இடம் சலித்த மாவு போலச் சமமாக இருந்தது. அதன் மேல் தண்ணீர் தெளித்து, ராணி அக்கா பெரிய கோலம் போட்டிருந்தார். சிமென்ட் தளத்தில் வேர்கள் எல்லாம் கழுவிப் பரப்பி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அப்பா படியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் கீறல், சில இடத்தில் ரத்தம். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராணி அக்கா சொன்னார். "உங்கப்பா இன்னா மனுஷன்மா. விடிஞ்சதுலேந்து குனிஞ்சவரு நிமிரவே இல்ல. நானும் எவ்ளோ வாட்டி சொன்னேன் உன்னாண்ட."

"எல்லாம் வேரோட எடுத்துட்டேன் பாப்பா" என்றார் அப்பா. "மாப்பிள்ளை பாவம், வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு தகரம் பொதச்சி வச்சிருக்காரு. இது தகரத்துக்கு நிக்குமா? ஒரு கணு விட்டாலும் மறுபடி வந்துரும். ஒரு கணு விடல."

"யாரைக் கேட்டுத் தொட்டீங்க?"

என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. ஏழுமலை, "ஏய், வுடு, மாமாவுக்கு இன்னா தெரியும்" என்று தோளைத் தொட்டார். நான் தட்டிவிட்டேன்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "லாலாங்கு பாப்பா இது."

"தெரியும். நான்தான் நட்டேன். நான்தான் தண்ணி ஊத்தினேன்."

"லாலாங்கையா?" மோர் தம்ளரைக் கீழே வைத்தார். "லாலாங்கு ஆளில்லாத எடத்துலதான் பாப்பா வரும். பக்கத்துத் தோட்டத்த வித்துட்டு சனங்க போனப்புறம் லயத்து வீட்டு வாசல்ல எல்லாம் வந்துச்சே, நீ பாத்தியே. காலைல கதவத் தொறந்து பாக்கறேன், ஓம் வாசல்ல நிக்குது. எனக்கு மனசு கேக்கல. எம் புள்ள பொழப்பு இப்படி ஆயிருச்சேன்னு..."

"ஆளு கீதுப்பா இங்க. நான் கீறேன். இது என் ஊடு. நான் எங்கயும் வரல."

பதமாகச் சொல்ல வேண்டும் என்று ரயிலில் நினைத்ததெல்லாம் அவ்வளவுதான். சொல்லிவிட்டேன், தெருவே கேட்கும்படி. செல்வி பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்றிருந்தாள், என் பேச்சைக் கேட்டு வாயைப் பிளந்தாள். என்னால் நிறுத்த முடியவில்லை. "அம்மா செத்தப்போ நான் வரல. ஒரு பிடி மண்ணுகூட நான் போடல. நீங்க வாரா வாரம் போயி சமாதிய சுத்தம் பண்றீங்க, தம்பி போறான். எனக்கு எங்க இருக்கு எடம்? இங்க வந்து நான் யாருகிட்டப்பா அழறது? இதுகிட்டதான் அழுதேன்."

அப்பா தளத்தில் காயும் வேர்களைப் பார்த்தார். ராணி அக்கா எப்போது மதிலைச் சுற்றி வந்தாரோ தெரியாது, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனுக்குத் தெரியாதுமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "புல்லுன்னு நெனைச்சிகினு இருந்தேன்."

7

மத்தியானம் அப்பாவுக்குப் பாய் விரித்தேன். வீட்டில் இருந்த இன்னொரு தலையணையைச் செல்வி எடுத்துக்கொண்டுவிட்டதால், அந்தத் தட்டைத் தலையணையைத்தான் கொடுத்தேன். வேறு நோக்கம் எதுவும் இல்லை. நான் இன்னும் கோபமாகத்தான் இருந்தேன்.

படுத்தவர் எழுந்து உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்தார். "இது ஒங்கம்மா தச்சது."

"ஆமா."

"தச்ச அன்னிக்கு நான் திட்டினேன். வாரம் பூரா கொல்றத ஞாயித்துக்கெழம வீட்டுக்குள்ள கொண்டாறியே, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குன்னு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. தச்சிக்கிட்டே இருந்தா."

தலையணையைத் தட்டி மறுபடி போட்டார். படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் அவர் ஊருக்கு வா என்று ஒரு வார்த்தை எடுக்கவில்லை. ஏழுமலையோடு பட்டறைக்குப் போய் லேத் ஓடுவதைப் பார்த்தார். லாரி வந்த நாளில் குடம் தூக்கினார். செல்வி அவரை "தாத்தா, நம்ம கட்சி" என்று சேர்த்துக்கொண்டு பெலாச்சான் தொட்டு ஒரு வாய் தின்று பார்த்தாள். விமான நிலையத்தில், பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி போடு என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. ஏழுமலையின் கையைப் பிடித்து, "பாத்துக்குங்க மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான். நானும் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது.

ஐப்பசி மழை பெய்தது. அந்த வருடம் நன்றாகவே பெய்தது. நான் தினமும் அந்தப் பட்டையைக் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. சொன்ன மாதிரியே ஒரு கணு விட்டிருக்கவில்லை. எரிச்சலாகவும் இருந்தது, வேலைக்காரர்தான் எங்கப்பா என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, என்ன செய்ய.

ஈரம் காயுமுன் மறுபடி ஏரிக்கரைக்குக் கிளம்பினேன். கடப்பாரையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், ராணி அக்கா சாக்கோடு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "வா, போலாம்" என்றார். "எனக்கும் ரெண்டு வேரு எடுத்துக் குடு. பின்னாடி பக்கம் வெச்சிக்கறேன். வாசல்ல வெக்க மாட்டேன், அத இப்பவே சொல்ட்டேன்."

8

இனி போன வாரத்துக்கு வருகிறேன்.

தம்பி போன் செய்ய வேண்டுமானால் காதர் பாய் வைத்திருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் செய்வான். பாய் ஆள் அனுப்பிச் சொல்வார், நான் ஓடுவேன். கண்ணாடிக் கதவைச் சாத்தினாலும் உள்ளே பேசுவது கடைத்தெருவுக்கே கேட்கும். திதியன்று காலையில் ஆள் வந்தது. படையலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே ஓடினேன்.

"அக்கா, அப்பாகிட்ட என்னா சொல்லி அனுப்பின நீ?" எடுத்த எடுப்பில் தம்பி கத்தினான்.

"என்னடா? அப்பாவுக்கு என்ன?"

"அப்பா நல்லாத்தான் இருக்காரு. அங்கேருந்து வந்ததுலேருந்து அம்மா சமாதில கத்தியே வைக்கல அவரு. லாலாங்கு இடுப்பு ஒசரம் வளந்து கெடக்குது. சொந்தக்காரங்க எல்லாம் திதிக்கு வர்றாங்களேன்னு இன்னிக்கு வெட்டுறதுக்கு ஆள் கூட்டிக்கிட்டுப் போனேன். குறுக்க வந்து நின்னுக்கிட்டு விரட்டுறாருக்கா. வந்த ஆளுங்க முன்னாடி எனக்கு மூஞ்சி எங்க வச்சிக்கறதுன்னே தெரியல."

"என்ன சொல்லி விரட்டினாரு?"

"'இது ஆளிருக்கிற எடம், போங்கடா'ங்கறாரு. கல்லறைலக்கா. ஆளிருக்கிற எடமாம்."

வெளியே கடைத்தெருச் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் தம்பி ஹலோ ஹலோ என்றான்.

"பூத்திருக்கா?" என்று கேட்டேன்.

"என்னாது?"

"அம்மாகிட்ட. பூத்திருக்கான்னு கேட்டேன்."

"பூத்துத்தான் கெடக்குது, வெள்ளையா. ரோட்டுலேருந்தே தெரியுது. மானம் போவுதுக்கா. நீயாவது சொல்லு அவருக்கு."

"இருக்கட்டும்டா" என்றேன். "விட்டுடு."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துக் காதர் பாய் மேசையை விட்டு எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா, ஊர்ல எல்லாரும் நல்லா கீறாங்களா?"

"நல்லா கீறாங்க பாய்" என்றேன். "எங்கம்மாவும்."